பாட்டியின் ரத்தம் சொன்ன சாட்சி

புவனோஸ் ஐரிஸில் லாஸ் வியோலேத்தாஸ் என்று ஒரு பழைய காபிக்கடை. 1970களின் கடைசியில் அங்கே வயதான பெண்கள் சிலர் அடிக்கடி பிறந்தநாள் கொண்டாடினார்கள். பார்ப்பவர் கண்ணுக்குத்தான் அது கொண்டாட்டம். ராணுவத்திடம் பறிகொடுத்த பேரப்பிள்ளைகளை எங்கே தேடுவது என்பதே மேசையில் நடந்த பேச்சு.

1976 மார்ச் 24 அன்று ஆட்சியைப் பிடித்த அர்ஜென்டினா ராணுவம், வேண்டாதவர்களை இரவோடு இரவாகத் தூக்கிப் போனது. கர்ப்பிணிகளைப் பிரசவம் வரை விட்டுவைத்து, பிறகு கொன்றது. பிறந்த சிசுக்களை ராணுவக் குடும்பங்களும் அவர்களுக்கு வேண்டியவர்களும் சொந்தப் பிள்ளைகளாகப் பதிந்துகொண்டார்கள். இப்படிப் பறிபோன குழந்தைகள் சுமார் 500 பேர் என்பது, 1977இல் உருவான 'பிளாசா தே மாயோ பாட்டிமார்' அமைப்பின் கணக்கு.

அழுது மனு கொடுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. அதுவரை விஞ்ஞானிகளிடம் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்கள்: பெற்றோர் இருவரும் இல்லாதபோது, பாட்டியின் ரத்தத்தை வைத்து உறவை நிரூபிக்க முடியுமா?

அமெரிக்க மரபியலாளர் மேரி-கிளேர் கிங் முடியும் என்று காட்டினார். 1984இல் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, ரத்தப் பரிசோதனையின் பலத்தில் நீதிமன்ற உத்தரவோடு பாட்டியிடம் வந்து சேர்ந்தாள். பிறகு கைகொடுத்தது மைட்டோகாண்ட்ரியா மரபணு. இது தாய் வழியாக மட்டுமே பிள்ளைக்கு இறங்கும். ஆகவே மகள் இல்லாவிட்டாலும், மகளின் அம்மாவிடம் இருப்பதும் பேரனிடம் இருப்பதும் ஒன்றே. 1987இல் இதற்கென்றே சட்டம் போட்டு, தேசிய மரபணுத் தகவல் வங்கி அமைக்கப்பட்டது.

அமைப்பின் தலைவி எஸ்தெலா தே கார்லோட்டோவின் மகள் 1978இல் கொல்லப்பட்டார். அவர் பெற்ற பிள்ளை 2014இல்தான் கிடைத்தார். தன் பிறப்பில் சந்தேகம் வந்து, தானாகவே பரிசோதனைக்கு வந்தவர் அவர். அப்போது அவருக்கு வயது 36. 2025 நடுப்பகுதி வரை 140 பேர் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள்.

அந்தப் பாட்டிமாரில் பலர் இன்று இல்லை. கொடுத்துவிட்டுப் போன ரத்தத்தின் விவரம் வங்கியில் இருக்கிறது. அந்த ராணுவ ஆட்சி ஆண்டுகளில் பிறந்து, தான் யார் பிள்ளை என்று ஐயப்படும் எவரும் இப்போதும் போய் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கட்டணம் கிடையாது.