குதிரைக்கு விலையாகப் போன சிறுவன்

ஒரு குதிரை. அதற்கு விலை ஒரு சிறுவன்!

மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய நைஜீரியாவில் நடந்தது இது. 1821-ம் ஆண்டு ஒசோகுன் என்ற ஊரை ஆள் பிடிக்கும் கூட்டம் சூறையாடியது. ஓடியவர்களைக் கழுத்தில் கயிறு போட்டுப் பிடித்தார்கள். அவர்களில் ஒருவன் அஜாயி. வயது 12 இருக்கும். முதலில் ஒரு குதிரைக்கு ஈடாக அவனைக் கொடுத்தார்கள். பிறகு கைமாறிக் கைமாறி அடிமைக் கப்பலில் ஏறினான். 1822-ல் அந்தக் கப்பலை ஆங்கிலக் கடற்படை மடக்கியது. விடுதலை!

சியரா லியோனில் இறக்கிவிட்டார்கள். ஆறே மாதத்தில் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் வாசித்தான். ஞானஸ்நானம் பெற்று சாமுவேல் கிரௌதர் ஆனான். 1843-ல் பாதிரியார் ஆனார்.

1846-ல் ஊழியத்துக்காக அபெயோகுட்டா ஊருக்குப் போனார். அங்கே யாரைக் கண்டார் தெரியுமா? பெற்ற தாயை! பிரிந்து 25 ஆண்டுகள் ஆகியிருந்தன. இருவருக்கும் பேச்சு வரவில்லை. கையைப் பிடித்தபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அந்தத் தாயின் மொழி யொரூபா. அதில்தான் பைபிளை எழுத முனைந்தார் கிரௌதர்.

லேசான மொழி அல்ல. "ஒக்கொ" என்று சமமாகச் சொன்னால் கணவன். கடைசியில் குரலை ஏற்றினால் மண்வெட்டி. இறக்கினால் படகு. முழுதும் தாழ்த்திச் சொன்னால் ஈட்டி! வெளிநாட்டுப் பாதிரிமார் திணறியதில் வியப்பில்லை.

கிரௌதருக்குக் குரல் தப்பாது. ஆனால் சிறு வயதில் பிரிந்தவர் அல்லவா? பெரியவர்கள் பேசும் ஆழ்ந்த சொற்கள் வேண்டியிருந்தன. அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பழமொழிகளையும் விடவில்லை.

கடவுளுக்கு "ஒலொருன்" என்ற பழைய சொல்லையே வைத்தார். விண்ணுக்கு உடையவர் என்று பொருள். சாத்தானுக்கு "எஷு" என்று போட்டார். இதுதான் வம்பு! எஷு அந்த மக்களின் பழைய தெய்வங்களில் ஒருவர், தேவர்களின் தூதர். அவரைச் சாத்தான் ஆக்கியது தவறு என்று யொரூபா அறிஞர்கள் பலர் இன்றும் வாதாடுகிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

1850-ல் ரோமர் நிருபம் அச்சாகியது. 1862-ல் லாகோஸ் நகரில் அவர் வீடு தீப்பிடித்தது. 11 ஆண்டுகளாகச் சேர்த்த சொற்கள், பழமொழிகள், எழுதி வைத்த மொழிபெயர்ப்புத் தாள்கள் எல்லாம் சாம்பல்!

மறுபடியும் எழுத உட்கார்ந்தார். தாமஸ் கிங் முதலியோரும் இந்தப் பணியில் கைகொடுத்தவர்கள். 1864-ல் பிஷப் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆப்பிரிக்கர் அவரே.

முழு பைபிள் யொரூபாவில் வெளிவந்தது 1884-ல். அப்போது கிரௌதருக்கு வயது சுமார் 75.