பிடியரிசியும் கல்வி எனும் அமானிதமும்

அறிவைக் குறிக்கும் ‘இல்ம்’, உலகைக் குறிக்கும் ‘ஆலம்’, அடையாளத்தைக் குறிக்கும் ‘அலாமத்’ ஆகிய மூன்று அரபுச் சொற்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. படைத்தவனை அறிவதற்குரிய அடையாளமாக உலகம் விளங்குவதால் அதற்கு ‘ஆலம்’ எனப் பெயர் வந்தது என்று மொழியறிஞர் சிலர் விளக்குவர். அவ்வாறாயின், உலகம் எல்லார்க்கும் பொதுவாக இருப்பதைப் போன்றே அறிவும் பொதுவாக இருத்தல் வேண்டும். எனினும் மனித வரலாற்றில் நிலத்திற்கு வேலியிட்டவர்கள் அறிவிற்கும் வேலியிட்டனர். நம் நாட்டில் அவ்வேலி பிறப்பின் பெயரால் எழுப்பப்பட்டது. வேதத்தை ஓதுவது மட்டுமன்றிக் காதால் கேட்பதும் நான்காம் வருணத்தார்க்குக் குற்றமென்று தரும சாத்திரங்கள் வகுத்தன.

இவ்வேலி எவ்வாறு தகர்ந்தது, தகர்ந்தபின் வேறு வடிவில் எவ்வாறு மீண்டது என்பதை அறிய விருதுநகர் மாவட்டம் தக்க சான்றாக அமைகின்றது.

விருதுபட்டி கண்ட வழி

இன்றைய விருதுநகர் முன்பு விருதுபட்டி என வழங்கிய வணிக ஊராகும். அங்குப் பெருகி வாழ்ந்த நாடார் சமூகத்தார், பொருள் ஈட்டியிருந்தும் கோயில் வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்டனர். 1897-இல் அச்சமூகத்தார் சிலர் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலினுள் நுழைந்தனர். அதனை எதிர்த்து இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. இதற்கிடையே 1899-இல் சிவகாசியில் பெருங்கலவரம் மூண்டு உயிர்களும் உடைமைகளும் அழிந்தன.

நீதிமன்றத்தில் தோற்ற இச்சமூகம் பள்ளிக்கூடத்தில் வென்றது. 1880களின் இறுதியிலேயே விருதுபட்டியில் க்ஷத்திரிய வித்தியாசாலை தோன்றிவிட்டது. வணிகத்தில் சிறு பங்கை ஊர்ப் பொதுவிற்கு ஒதுக்கும் ‘மகமை’யை ஊர் உறவின்முறை திரட்டி வந்தது. அத்துடன், உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைக் கல்விக்கென எடுத்து வைக்கும் வழக்கமும் வீடுதோறும் இருந்தது. அப்பள்ளியின் வாயில் பிற சமூகப் பிள்ளைகளுக்கும் திறந்திருந்தது என்பது நாம் சிறப்பாக நோக்கத்தக்கது. தமக்கு மூடப்பட்ட வாயிலின் வலியை அறிந்தவர்கள், தாம் கட்டிய வாயிலைப் பிறருக்கு மூடவில்லை.

1903-இல் அவ்வூரில் பிறந்த காமராசர் அப்பள்ளியில் பயின்றவர். தந்தையை இளமையில் இழந்தமையால் அவர் கல்வி இடையில் நின்றது. 1953-இல் இராஜாஜி அரசு கொணர்ந்த திட்டம், பிள்ளைகள் அரைநாள் பள்ளியிலும் எஞ்சிய நேரம் பெற்றோரின் தொழிலிலும் ஈடுபட வழிவகுத்தது. மகன் தந்தையின் தொழிலிலேயே கட்டுண்டு கிடக்க நேரும் என்பதால் அது ‘குலக்கல்வி’ எனக் கண்டிக்கப்பட்டது. 1954-இல் முதலமைச்சரான காமராசர் அதனைக் கைவிட்டார். 1956-இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். ஊர்க் கல்விக்கென வீட்டுக்கு வீடு திரண்ட பிடியரிசி, அரசின் கையால் ஏழைப் பிள்ளைகளின் தட்டில் சோறாக விழுந்தது எனல் மிகையாகாது.

கூலியால் அடைபட்ட வாயில்

ஆயினும் ஒரு சமூகம் வென்ற அறிவு அடுத்த படியில் நிற்பவர்க்குத் தானாகச் சென்று சேர்வதில்லை. இதனைச் சிவகாசி உணர்த்துகின்றது.

மழை பொய்க்கும் கரிசல் நிலத்தில் வேளாண்மையை நம்பி வாழ இயலாத சூழலில், 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் தொழில்நுட்பத்தைக் கற்றுத் திரும்பினர். கற்கச் சென்ற அப்பயணத்தின் பயனாகவே தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்று தொழில்களும் அவ்வட்டாரத்தில் வேரூன்றின. அவற்றால் பல்லாயிரம் குடும்பங்கள் பசியாறியதை மறுத்தல் அறமாகாது.

ஆனால், தீப்பெட்டி ஆபீஸ் என்றும் பட்டாசு ஆபீஸ் என்றும் மக்கள் வழங்கிய அக்கூடங்களில் குச்சி அடுக்கவும், பெட்டி ஒட்டவும், திரி வெட்டவும் சின்னஞ்சிறு விரல்கள் தேவைப்பட்டன. விடியுமுன் சுற்றுவட்டக் கிராமங்களுக்கு வந்த ஆலை வண்டிகள் பிள்ளைகளை ஏற்றிச் சென்றன. அவர்களுள் மிகப் பலர் தலித் குடும்பங்களையும் பிற பின்தங்கிய சமூகங்களையும் சேர்ந்தவர்கள், பெண்பிள்ளைகள் மிகுதி. படிக்கக் கூடாது என்று அவர்களிடம் எந்தச் சாத்திரமும் கூறவில்லை. படிக்க வேண்டிய பொழுதைக் கூலி விலைக்கு வாங்கிக்கொண்டது.

தீப்பெட்டி, வெடிபொருள் ஆகியவற்றின் தயாரிப்பில் சிறுவரை ஈடுபடுத்தலாகாது என 1938-ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்திருந்தது. 1986-இல் வந்த சட்டமும் அத்தடையை உறுதி செய்தது. எனினும் குடும்பத்தார் துணையுடன் நடைபெறும் பணிக்கு அது விலக்களித்ததால், ஆலையில் தடுக்கப்பட்ட வேலை வீட்டுத் திண்ணைக்கு வந்தது. சிவகாசிச் சிறுவர் குறித்து எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில், சட்டத்தை மீறிப் பணியில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாயை உரிமையாளர் செலுத்த வேண்டுமென 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதன்பின் 2009-இல் கல்வி உரிமைச் சட்டமும் வந்தது. பள்ளி, உணவு, சட்டம், மக்களின் விழிப்பு ஆகியவை ஒன்றுசேர்ந்ததால் இன்று அவ்வட்டாரத்தில் சிறார் உழைப்பு பெருமளவு குறைந்துள்ளது. ஒரு தலைமுறை இழந்த எழுத்தறிவோ திரும்பவில்லை.

கூடத்தினுள் மறைந்த அறிவு

மூன்றாவது வேலி இன்றும் நிற்கின்றது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் முதலியவற்றின் கலவையை அங்கு ‘மருந்து’ என்பர். அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் வேதிவினையால் வெப்பம் மிகுந்து தானே தீப்பற்றக்கூடும். ஆதலால் எஞ்சிய மருந்தை மறுநாளைக்கென வைத்தல் பேராபத்து. குளோரேட்டு உப்புடன் கந்தகம் சேர்ந்தால் சிறு உராய்வும் போதும். ஓர் அறையில் நால்வருக்கு மேல் அமரலாகாது என்பது போன்ற விதிகள் இத்தகைய காரணங்களால் எழுந்தவை.

உரிமம் பெற்றவரும் வேதியியல் படித்தவரும் இக்காரணங்களை அறிவர். மருந்தைக் கையால் அள்ளுபவரோ பெரும்பாலும் செய்முறையை மட்டுமே பழக்கத்தால் அறிவார். உரிமம் ஒருவரிடமும் ஆலை குத்தகைக்காரர் பலரிடமும் இருக்கும்போது இவ்விடைவெளி மேலும் விரிகின்றது. எண்ணிக்கைக்குக் கூலி என்பதால், ஆபத்தை அறிந்தவரும் நிதானிக்க இயலாமற் போகின்றது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் அங்குப் பணியாற்றியவர் அல்லர். முதல் வெடியோசை கேட்டு உதவ ஓடிவந்தவர்கள். உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு தொலைவில் நிற்க வேண்டும் என்பதை அவர்களுக்கு முன்னரே எவரும் கற்பித்திருக்கவில்லை. நாடு ஆசிரியர் தினம் கொண்டாடிய நாள் அது.

மார்க்கத்தின் அளவுகோல்

இம்மூன்று வேலிகளுக்கும் மார்க்கம் விடை தந்துள்ளது.

பிறப்பால் எழும் வேலியை நோக்குவோம். குறைஷித் தலைவர்களுடன் நபி (ஸல்) அவர்கள் உரையாடிக்கொண்டிருந்த வேளையில், அறிவு தேடி வந்த பார்வையற்ற தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள்பால் கவனம் செலுத்தாதது குறித்து ‘அபஸ’ அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் அருளப்பட்டன. நாடி வந்த எளியவரே முதன்மைக்குரியவர் என்பது அதன் படிப்பினை. இப்னு உமர் (ரலி) அவர்களின் விடுதலை பெற்ற அடிமையான நாஃபிஉ (ரஹ்) அவர்களிடம் இமாம் மாலிக் (ரஹ்) ஹதீஸ் பயின்றார்கள். கறுப்பினத்தவரான அதாஉ இப்னு அபீ ரபாஹ் (ரஹ்) மக்காவின் முஃப்தியாகத் திகழ்ந்தார்கள்.

வறுமையால் எழும் வேலிக்கு வருவோம். ஹிஜ்ரி 2-இல் பத்ருப் போரில் சிறைப்பட்டு ஈட்டுத்தொகை செலுத்த இயலாதவர்களுள் எழுத்தறிந்தோர், மதீனத்துச் சிறுவர் பதின்மருக்கு எழுதக் கற்பித்தலே ஈடாக ஏற்கப்பட்டது. உழைத்துப் பொருளீட்டும் வலிமையுள்ளவராயினும், உழைக்கச் சென்றால் மார்க்கக் கல்வி தடைப்படும் நிலையில் உள்ள மாணவர் ஜகாத் பெறலாம் என இமாம் நவவீ (ரஹ்) விளக்கியுள்ளார்கள். கல்வி ஃபர்ளு கிஃபாயா, அதாவது சமூகம் முழுவதன் மீதும் உள்ள கடமை என்பது அவர்கள் காட்டும் காரணம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) மருத்துவத்தையும் கணிதத்தையும் அக்கடமையில் சேர்த்துள்ளார்கள். இவ்விரண்டையும் இணைத்து நோக்கின், கூலிக்காகப் படிப்பை விடும் ஏழைப் பிள்ளையைத் தாங்குவது சமூகக் கடமை என்பது தெளிவாகும்.

மறைக்கப்படும் அறிவு மூன்றாவது. கேட்கப்பட்ட அறிவை மறைப்பவர் மறுமையில் நெருப்புக் கடிவாளம் பூட்டப்படுவார் எனும் கருத்தமைந்த நபிமொழி அபூதாவூத், திர்மிதீ தொகுப்புகளில் உள்ளது. ஒருவர் எந்நிலையில் இருக்கிறாரோ அந்நிலைக்குரிய அறிவை அவர் பெற்றிருத்தல் கட்டாயம் என்பதை நம் அறிஞர்கள் ‘இல்முல் ஹால்’ என்பர். வணிகர் கொடுக்கல் வாங்கலின் சட்டங்களை அறிய வேண்டும்; அங்ஙனமே உயிரைப் பறிக்கும் பொருளைக் கையாள்பவர் அதன் இயல்பை அறிய வேண்டும். அதனைக் கற்பிக்காமல் வேலை வாங்குவது அமானித மோசடியாகும்.

நம் மஹல்லாக்களின் கடமை

வரலாற்றைப் பிறர் குறை காணப் பயன்படுத்துவது எளிது. தொழிலின் பெயராலும் குடும்பப் பெயராலும் நம் ஜமாஅத்துகளிலும் மேல் கீழ் பார்க்கும் வழக்கம் இல்லையா? பெண்பிள்ளையின் படிப்பு இடையில் நிற்கும்போது நம்முள் எத்தனை பேர் காரணம் கேட்கிறோம்? பள்ளிவாசல் மினாராவிற்கு எளிதில் திரளும் நிதி, படிப்பை விட்டு வேலைக்குச் செல்லும் மாணவனுக்குத் திரள்வதுண்டா?

மஹல்லாதோறும் பள்ளியை இடையில் விட்ட பிள்ளைகளின் பட்டியல் ஒன்று இருத்தல் வேண்டும். அவர்கள் ஈட்டும் கூலிக்கு ஈடான தொகையைப் பைத்துல்மால் அக்குடும்பங்களுக்குத் திங்கள்தோறும் வழங்கலாம். மக்தபு முடிந்தபின் ஓய்ந்து கிடக்கும் அறைகளில் மாலை வகுப்புகள் நடத்தலாம். ஸதகா நிதியால் நடக்கும் அவ்வகுப்புகளில் அண்டை வீட்டுப் பிற சமயப் பிள்ளைக்கும் இடம் உண்டு. நம்மவருள் ஆலையோ பட்டறையோ நடத்துவோர், தொழிலாளர்க்குக் கூலியுடன் கூடிய பயிற்சி நேரத்தை ஒதுக்குதல் வேண்டும்.

விருதுபட்டியின் தாய்மார்களிடம் அன்று செல்வம் மிகுந்திருக்கவில்லை. உலை கொதிக்குமுன் ஒரு பிடியை ஒதுக்கும் ஒழுங்கு இருந்தது. அவ்வொழுங்கை நம் இல்லங்களுக்கும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.