25 நொடிக் காலை உணவு

இத்தாலிக்குப் போய், காலை எட்டு மணிக்கு நல்ல உணவகம் ஒன்றைத் தேடுகிறவர் பெரும்பாலும் ஏமாந்துதான் திரும்புவார். 'ரிஸ்தொராந்தே', 'திராத்தோரியா' என்று பலகை மாட்டிய கடைகள் மதியத்துக்கு முன்னால் கதவு திறப்பது அபூர்வம். அந்த நேரத்தில் விளக்கெரிவது தெருமுனையில் இருக்கும் 'பார்' மட்டுமே. பெயரைப் பார்த்து மதுக்கடை என்று ஒதுங்க வேண்டாம். பேட்டைக்காரர்கள் காலையில் கூடும் காபிக்கடை அது. ஒரு கப்புச்சினோ, ஒரு கொர்னெத்தோ, அவ்வளவுதான் காலை உணவு. பிறை வடிவத்தில் சுருட்டிச் சுட்ட இனிப்பு ரொட்டிதான் கொர்னெத்தோ. ஆஸ்திரியாவின் 'கிப்ஃபெரல்' அதற்கு மூதாதை. வடக்கே இதையே 'பிரியோஷ்' என்பார்கள். கவுண்டரில் நின்றபடியே சாப்பிட்டு, கடைக்காரரோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு, ஐந்து நிமிடத்தில் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். இந்த அழகைப் பார்த்த பயணிகள் இதைத் தொன்று தொட்டு வந்த பண்பாடு என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தக் காலை உணவை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தது கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் எஸ்பிரெஸோ இயந்திரம். அந்த வடிவம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது.

காபி போடுவதில் தீராத சிக்கல் நேரம். நம் வீட்டு பில்டரில் வெந்நீர் தன் எடையால் மட்டுமே தூளுக்குள் இறங்குகிறது. அதனால்தான் டிகாக்‌ஷனுக்குக் காத்திருக்கிறோம். தூளை இன்னும் நைசாக அரைத்தால் சத்து விரைவில் இறங்கும், ஆனால் தண்ணீர் வழி கிடைக்காமல் நின்றுவிடும். வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்தால் ஒழிய இந்த முடிச்சு அவிழாது. தூரின் நகரத்து ஆஞ்செலோ மொரியோந்தோ 1884-இல் ஆவியழுத்தத்தால் காபி வடிக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்; அது மொத்தமாகக் காய்ச்சும் இயந்திரம். 1901-இல் மிலான் நகரத்து லூயிஜி பெஸ்ஸேரா, ஒவ்வொரு கோப்பைக்கும் தனித்தனியாகத் தூள் வைக்கும் கைப்பிடி வடிகட்டியைக் கொண்டுவந்தார். பெஸ்ஸேராவின் காப்புரிமையை தெசிதேரியோ பவோனி வாங்கி, இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுபோனார். கேட்டவருக்குக் கேட்ட நேரத்தில் போட்டுத் தருவது என்ற எண்ணம் அப்போது பிறந்தது. 'எஸ்பிரெஸோ' என்ற பெயரின் பொருளிலேயே அது இருக்கிறது. ஆனால் ஆவியால் ஒன்றரை 'பார்' அளவுக்கு மேல் அழுத்தம் தர முடியவில்லை. ('பார்' என்பது அழுத்தத்தின் அலகும்கூட, நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார்.) போதாக்குறைக்கு, கொதிநிலையைத் தாண்டிய சூடு தூளைக் கருக்கியது.

இந்த இடத்தில்தான் மிலானில் காபிக்கடை நடத்திய ஆக்கில்லே காஜ்ஜியா வருகிறார். 1938-இல் அவர் முதல் காப்புரிமையைப் பெற்றார். போர் முடிந்து 1948 வாக்கில் அவருடைய நெம்புகோல் இயந்திரங்கள் கடைகளுக்கு வந்தன. கடைக்காரர் நீண்ட பிடியைக் கீழே இழுப்பார். உள்ளே வலுவான சுருள்வில் ஒன்று சுருங்கும். கொதிகலனிலிருந்து வெந்நீர் பிஸ்டனுக்கு அடியில் வந்து நிரம்பும். பிடியை விட்டதும் வில் விரிந்து பிஸ்டனைத் தள்ளும். பிடி மெல்ல மெல்லத் தானாக மேலேறும். அழுத்தம் எட்டிலிருந்து பத்து பார் வரை உயர்ந்தது. ஒன்பது பார் என்பது சுமார் 90 மீட்டர் உயரத்துக்கு நிறுத்திய தண்ணீரின் அழுத்தம். இன்று பரவலாகப் புழங்கும் 58 மில்லிமீட்டர் அகல வடிகட்டியில் அது ஏறத்தாழ 240 கிலோ எடையாக இறங்குகிறது. மூன்று அரிசி மூட்டையின் பாரத்தை ஒரு கைப்பிடித் தூள் தாங்குகிறது! அந்த அழுத்தத்தில் காபியின் எண்ணெய் நுண்துளிகளாகக் கலக்கிறது. வறுத்த கொட்டைக்குள் தங்கியிருந்த கரியமில வாயு நீரில் கரைந்து, வெளியே வந்ததும் நுரைத்துப் பொன்னிறப் படலமாகிறது. இதுதான் 'கிரெமா'. கோப்பை சிறிதாக இருப்பதற்கும் இதே இயந்திரம்தான் காரணம்: பிஸ்டனுக்கு அடியில் கொள்ளும் நீர் அவ்வளவுதான். 1961-இல் ஃபாயெமா நிறுவனம் ஈ61 என்ற இயந்திரத்தில் சுருள்வில்லுக்குப் பதில் மின்பம்பை வைத்தது. கடைக்காரரின் தோள்வலி தீர்ந்தது. அழுத்தம் ஒரே சீராக நின்றது. ஏழு கிராம் தூள், 25 நொடி, 25 மில்லிலிட்டர் என்று இத்தாலியர் இன்று சொல்லும் கணக்கு இந்த வழியில் நிலைபெற்றது. கப்புச்சினோவின் மறுபாதியான நுரைத்த பாலும் இதே இயந்திரத்தின் வேலைதான். கொதிகலனின் ஆவி மெல்லிய குழாய் வழியே பாலுக்குள் பாய்ந்து சுழற்றுகிறது. பாலின் புரதம் காற்றுக் குமிழிகளைப் பிடித்து வைக்கிறது. அறுபது, அறுபத்தைந்து டிகிரிக்கு மேல் போனால் நுரையின் மென்மை கெட்டுவிடும் என்பதால், பழகிய கை பாத்திரத்தைத் தொட்டே நிறுத்தும் நேரத்தை அறியும்.

காபிக்கடைகள் இதற்கு முன்பே இருந்தனவே என்று கேட்கலாம். இருந்தன, வெனிஸ் நகரத்து ஃப்ளோரியன் திறந்தது 1720-இல். ஆனால் அவை உட்கார்ந்து, பணியாள் கொண்டுவருவதைப் பருகி, பொழுதைக் கழிக்கும் இடங்கள். வேலைக்குப் போகும் வழியில் ஐந்து நிமிடம் நிற்கும் இடங்கள் அல்ல. இத்தாலியரில் ஏராளமானோர் வீட்டில்தானே காபி குடிக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. அதுவும் உண்மையே. அல்ஃபோன்ஸோ பியாலெத்தி 1933-இல் கொண்டுவந்த 'மொக்கா' பாத்திரம் அங்கே வீட்டுக்கு வீடு அடுப்பில் இருக்கிறது. ஆனால் அதன் அழுத்தம் ஒன்றிரண்டு பார்தான். கிரெமா அதில் படியாது. வீட்டில் கிடைக்காத ஒன்று தெருமுனையில் கிடைத்ததால்தானே படியிறங்கி வந்தார்கள்! மூன்றாவது மறுப்பு இவற்றைவிட வலுவானது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த சட்டம் ஒன்று, நின்று குடிக்கும் காபிக்கு உச்சவிலை வைக்க நகராட்சிகளுக்கு அதிகாரம் தந்தது. மேசையில் உட்கார்ந்தால் கூடுதல் விலை என்பது இன்றும் பல கடைகளில் உண்டு. நின்று சாப்பிடும் பழக்கத்துக்கு இந்த விலைதான் காரணம், இயந்திரம் அல்ல என்று சொல்வார்கள். விலையின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் குறைந்த விலையில் விற்கிறவர் நிறையக் கோப்பை விற்றாக வேண்டும். கூட்டம் நெரிக்கும் காலை ஒரு மணி நேரத்தில் அத்தனை கோப்பையை ஒவ்வொன்றாகப் புதிதாகப் போட்டுத் தர, அரை நிமிடத்தில் காபி வடிக்கும் கருவி இல்லாமல் முடியாது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். இயந்திரம் போன இடமெல்லாம் இந்தக் காலை உணவு கூடவே போய்விடவில்லை. 1983-இல் மிலான் கடைகளைப் பார்த்து வியந்த ஹோவர்ட் ஷுல்ட்ஸ், அமெரிக்காவில் ஸ்டார்பக்ஸை வளர்த்தபோது இயந்திரத்தை எடுத்துக்கொண்டார். கோப்பை பெரிதானது, சோபா வந்தது, நின்று குடிப்பது போனது. அந்த நிறுவனம் இத்தாலியில் முதல் கடை திறக்க 2018 வரை காத்திருந்தது. ஆக, கருவி வழியைத் திறந்துவிடும். எந்த வழியில் போவது என்று அந்தந்த ஊர்க்காரர்கள்தான் முடிவு செய்கிறார்கள். இத்தாலியில் அவர்கள் அந்த 25 நொடியை, அக்கம்பக்கத்தார் முகம் பார்க்கும் நேரமாக வைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கோப்பையில் நமக்கும் பங்கு உண்டு. இந்தியக் காபியை மிக அதிகமாக வாங்கும் நாடு பல ஆண்டுகளாக இத்தாலிதான். கர்நாடகத்திலும் கேரளத்திலும் விளையும் ரோபஸ்டா, கிரெமாவைத் தடிப்பாகவும் நின்று நிலைப்பதாகவும் ஆக்குவதால் அங்குள்ள கலவைகளில் சேர்கிறது. இத்தாலிக்குப் போகிறவர்கள் மேசையைத் தேடாதீர்கள். இயந்திரம் கண்ணில் படும் இடமாகப் பார்த்துக் கவுண்டரில் நின்று, பம்பு ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டதும் மனதுக்குள் எண்ணத் தொடங்குங்கள். முதல் சில நொடிகளுக்கு ஒன்றும் வராது. பிறகு எலிவால் கனத்தில் ஒரு பழுப்பு இழை இறங்கும். 25-க்கு அருகில் அது வெளுக்கத் தொடங்கும்போது கடைக்காரர் நிறுத்தினால், சரியான கடைக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.