டப்ஸ்டெப் உறுமலை விரலால் வாசிப்பது எப்படி?

டப்ஸ்டெப் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்களுக்கும் அந்த ஓசை தெரிந்திருக்கும். வீடியோ கேம்களிலும் சினிமா முன்னோட்டங்களிலும் நடனப் போட்டி மேடைகளிலும், அடிவயிறு அதிர "வவ்வ்... வவ்... வவ்வ்வ்" என்று அலைந்து அலைந்து உறுமுகிற பேஸ். இதற்கு வாபிள் என்று பெயர். இந்த அலைவைப் பெரும்பாலும் கணினிதான் தாளம் தவறாமல் ஆட்டிக்கொண்டிருக்கிறது. அதே வேலையை விரலின் அழுத்தத்துக்கும் சறுக்கலுக்கும் ஒப்படைக்கும் கீபோர்டுகள் சில ஆண்டுகளாகக் கடைகளில் கிடைக்கின்றன. எம்பிஇ கன்ட்ரோலர் என்று அழைக்கப்படும் இவை விலை மலிந்தவை அல்ல. வாங்குவதற்கு முன் என்ன செய்து பார்க்கலாம், வாங்கியபின் எங்கே சிக்கும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

தெற்கு லண்டனின் குரோய்டன் பகுதியில், பிக் ஆப்பிள் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கடையைச் சுற்றி 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவானது டப்ஸ்டெப். ஸ்க்ரீம், பெங்கா, மாலா, கோகி போன்ற இளைஞர்கள் யுகே கராஜ் இசையின் தாளத்தையும் ஜமைக்கா டப் இசையின் கனத்த பேஸையும் சேர்த்துப் பிசைந்தார்கள். வேகம் நிமிடத்துக்கு 140 அடி. ஆனால் ஸ்னேர் டிரம் மூன்றாம் அடியில் மட்டும் விழுவதால் காதுக்குப் பாதி வேகமாகத் தோன்றும். அந்த இடைவெளிகளில்தான் பேஸ் குடியிருக்கிறது. 2010-க்குப் பின் அமெரிக்காவின் ஸ்க்ரில்லெக்ஸ் இதைக் கூச்சலும் கிழிசலுமாக மாற்றி, 2012-இல் மூன்று கிராமி விருதுகளை வாங்கிச் சென்றார். குரோய்டன்காரர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை என்பது தனிக் கதை.

இந்த உறுமல் எப்படி உண்டாகிறது? சிந்தசைசரில் மேல் அதிர்வெண்கள் நிறைந்த தடித்த அலை ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். அதை லோபாஸ் ஃபில்டர் வழியாக அனுப்புவார்கள். ஃபில்டர் மூடியிருந்தால் கீழ்ப்பகுதி மட்டும் வெளிவரும்; திறக்கத் திறக்க ஓசை பளிச்சென்று ஆகும். "ஊ" என்று குவித்த வாயை மெல்ல "ஆ" என்று விரித்தால் குரலுக்கு என்ன ஆகிறதோ அதுதான். இந்த ஃபில்டரைத் திறந்து மூடும் வேலையை எல்எஃப்ஓ என்ற மெதுவான அலை செய்கிறது. 140 வேகத்தில் ஓர் அடிக்கு ஒரு முறை என்று வைத்தால் நொடிக்கு 2.33 அலைவு, அரை அடிக்கு ஒன்று என்றால் 4.67, மும்மையாகப் பிரித்தால் 7. பாட்டு நகர நகர இந்த எண்ணை மாற்றிக்கொண்டே போனால் பேஸ் பேசுவதுபோல் இருக்கும். மவுஸால் கோடு கோடாக வரைந்துதான் இதைப் பலர் செய்கிறார்கள். ஃப்ரூட்டிலூப்ஸ் மென்பொருளை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்க்ரீம் ஒரு வகைமைக்கே வழிபோட்டார். ஆகவே எம்பிஇ கருவி இல்லாமல் டப்ஸ்டெப் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால், அவர் விற்பனையாளராக இருக்கக்கூடும்.

கட்டைக்குள் என்ன இருக்கிறது

சாதாரண மிடி கீபோர்டு ஒரு கட்டையை அழுத்தினால் எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக என்ற இரண்டு செய்திகளைக் கணினிக்கு அனுப்பும். 1983-இல் வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வகுக்கப்பட்ட விதிமுறைதான் மிடி. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ரோலண்ட் நிறுவனத்தின் இகுதாரோ ககேஹாஷியும் அதன் தந்தையர். 2013-இல் அதற்காகத் தொழில்நுட்ப கிராமி பெற்றார்கள். மிடியில் ஸ்ருதியை வளைக்கும் வசதி உண்டு, ஆனால் அது ஒரு சேனலுக்கு ஒன்றுதான். மூன்று கட்டைகளை அழுத்திப் பிட்ச் சக்கரத்தைத் திருப்பினால் மூன்றும் சேர்ந்தே வளையும். ஒன்றை நிறுத்தி ஒன்றை மட்டும் இழுக்க வழியில்லை. கமகத்தில் ஊறிய நம் காதுக்குக் கீபோர்டு எப்போதும் கொஞ்சம் ஊமையாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மிடியில் 16 சேனல்கள் உண்டு. ஒரு சேனலைப் பொதுச் செய்திகளுக்கு ஒதுக்கிவிட்டு, மீதி 15-ஐ விரலுக்கு ஒன்றாகக் கொடுத்தால் என்ன? எம்பிஇ அவ்வளவுதான். 2018-இல் இது அதிகாரபூர்வ விதிமுறையானது. இப்போது ஒவ்வொரு விரலும் மூன்று விஷயங்களைத் தனித்தனியாகச் சொல்லும்: எவ்வளவு அழுத்தம், இடவலமாக எவ்வளவு சறுக்கல், முன்பின்னாக எங்கே நிற்கிறது.

இதற்கான கருவிகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. லண்டனின் ரோலி நிறுவனத்தின் சீபோர்டு, மெத்தென்ற சிலிக்கோன் பரப்பு. விரல் எங்கும் வழுக்கிச் செல்லும், அதனாலேயே தொடக்கத்தில் ஸ்ருதி சேராமல் படுத்தும். டிரம் மெஷின் முன்னோடி ரோஜர் லின் வடிவமைத்த லின்ஸ்ட்ருமென்டில் கட்டைகளே கிடையாது, கட்டங்கள்தான். கிதார் வாசிப்பவருக்கு உடனே பிடிபடும். பிரெஞ்சுத் தயாரிப்பான ஆஸ்மோஸ் பார்வைக்குச் சாதாரணக் கீபோர்டு, ஆனால் கட்டையைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஸ்ருதி அசையும். ஏபிள்டனின் புஷ் 3 கருவியில் 64 சதுரங்கள். இவற்றுக்கெல்லாம் மூத்தது லிப்போல்ட் ஹேக்கன் உருவாக்கிய கன்டினுவம். 'டெல்லி 6' படத்தின் 'ரெஹ்னா தூ' பாடல் இறுதியில் ஏ.ஆர். ரஹ்மான் வாசித்திருப்பது அதைத்தான். பாடகர்போலக் குழைகிற அந்தப் பகுதியைக் கேட்டால் இந்த வகைக் கருவிகள் எதற்கு என்பது விளக்கம் இல்லாமலே புரியும்.

டப்ஸ்டெப்புக்கு எவ்வளவு தேவை?

எம்பிஇ-யின் தனிச்சிறப்பு, பல ஸ்வரங்கள் ஒலிக்கும்போது ஒவ்வொன்றும் தன்போக்கில் அசைவது. டப்ஸ்டெப் பேஸ் ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம். ஆக, எம்பிஇ-யின் முக்கிய வித்தை பேஸுக்குத் தேவையே இல்லை. அங்கே பயன்படுவது அழுத்தமும் சறுக்கலும் ஒரே விரலில் கூடுவதுதான். ஆஃப்டர்டச் (அழுத்திய கட்டையை மேலும் அழுத்துவதை உணரும் வசதி) உள்ள சாதாரணக் கீபோர்டும், ஓசையின் தன்மையை மாற்றும் மாட் சக்கரமும் இருந்தால் அதில் பாதிக்கு மேல் கிடைத்துவிடும். பின்னணியில் மிதக்கும் கார்டுகளையும், அழுது இழுபடும் மெலடிகளையும் நீங்கள் நிறையப் பயன்படுத்துபவர் என்றால்தான் எம்பிஇ-க்குப் பணம் போடுவது பொருத்தம். ஐபாட் இருந்தால் ஜியோஷ்ரெட் செயலியும் எம்பிஇ அனுப்பும். கர்நாடக இசையே அதில் வாசிக்கிறார்கள்.

சிந்தசைசருக்குச் செலவு வேண்டாம். மாட் டைட்டல் 2020-இல் வெளியிட்ட வைட்டலின் இலவசப் பதிப்பு எம்பிஇ-யைப் புரிந்துகொள்ளும். சர்ஜ் எக்ஸ்டி முழுக்கவே இலவசம். பதிவு மென்பொருளில் பிட்விக், லாஜிக், ஏபிள்டன் லைவ் 11 முதலானவை எம்பிஇ-யை ஏற்கும்.

வைட்டலைத் திறந்து எம்பிஇ-யை இயக்குங்கள். ஒரே நேரத்தில் ஒலிக்கும் குரல்களின் எண்ணிக்கையை ஒன்றாக்குங்கள். தடித்த வேவ்டேபிள் (அலைவடிவங்களின் வரிசை) ஒன்று, அதன்மேல் லோபாஸ் ஃபில்டர். இப்போது அழுத்தத்தை ஃபில்டருடன் மட்டும் இணைத்து, வேறு எதையும் தொடாமல் ஒரே ஸ்வரத்தை நிறைய நேரம் வாசியுங்கள். முதல் நாளிலேயே அழுத்தத்துக்கு நான்கு அமைப்புகள், சறுக்கலுக்கு ஐந்து என்று இணைத்துத் தள்ளுபவர்களுக்குச் சேறுதான் கிடைக்கும். ஃபில்டர் நகரும் எல்லையையும் சுருக்கி வையுங்கள். விரலின் மொத்தப் பலமும் பயனுள்ள பகுதிக்குள்ளேயே செலவாக வேண்டும்.

சீக்கிரமே ஒன்று தெரியும். நொடிக்கு ஐந்து முறை விரலை அழுத்தி எடுத்துத் தாளத்தில் நிற்பது மிகக் கடினமான காரியம். ஆகவே கடிகாரத்தைத் துரத்தாதீர்கள். அலைவை எல்எஃப்ஓ-விடமே விட்டுவிட்டு, அது எவ்வளவு ஆழமாக அலைகிறது என்பதை அழுத்தத்துக்குக் கொடுங்கள். மெல்ல அழுத்தினால் முனகல், இறுக்கினால் உறுமல். பழகியபின் எல்எஃப்ஓ வேகத்தையும், முன்பின் சறுக்கலுக்கு வேவ்டேபிளின் இடத்தையும் சேர்க்கலாம். அப்போதுதான் "யா", "யோய்" என்று பேச்சொலிகள் எட்டிப்பார்க்கும். தாளம் இயந்திரத்துடையது, தொனி உங்களுடையது என்ற இந்தப் பங்கீடே டப்ஸ்டெப்புக்குச் சரிவரும் என்பது என் எண்ணம்.

சப் பேஸை இந்த விளையாட்டில் சேர்க்கக் கூடாது. சுமார் 40 முதல் 60 ஹெர்ட்ஸ் வரை நிற்கும் அந்தச் சுத்தமான சைன் அலை தனி ட்ராக்கில், அழுத்தத்துக்கும் முன்பின் சறுக்கலுக்கும் அசையாமல் இருக்கட்டும். ஸ்ருதி வளைவை மட்டும் அதற்கும் அனுப்புங்கள். மேலே உறுமல் வளைந்து கீழே சப் நேராக நின்றால் இரண்டும் மோதிக்கொள்ளும். லேப்டாப் ஸ்பீக்கரில் இது கேட்காது, ஹெட்போன் வேண்டும்.

பிட்ச் பெண்ட் வரம்புதான் எல்லோரையும் ஒரு முறையாவது அழவைக்கும். எம்பிஇ-யில் வழக்கமான வரம்பு 48 அரைஸ்வரம், அதாவது நான்கு ஸ்தாயி. சாதாரண சிந்தசைசர்களில் 2. கருவி 48 என்றும் மென்பொருள் 2 என்றும் நினைத்துக்கொண்டிருந்தால், ஒரு ஸ்தாயி முழுக்க விரலை இழுத்தாலும் அரைஸ்வரத்தில் பாதிதான் நகரும். மாறி அமைந்தால் அரைஸ்வரச் சறுக்கல் இரண்டு ஸ்தாயி தாவும். கருவி பழுது என்று திருப்பி அனுப்பும் முன் இரண்டு பக்கமும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். விரலுக்கும் ஓசைக்கும் இடையே தாமதம் தெரிந்தால், கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரைக் குறையுங்கள்: 48 கிலோஹெர்ட்ஸில் 512 சாம்பிள் என்றால் பஃபர் மட்டுமே 10 மில்லிசெகண்டைத் தாண்டும், 128 என்றால் மூன்றுக்கும் குறைவு.

வாசித்ததை அப்படியே பாட்டில் வைக்கவும் வேண்டாம். பத்து நிமிடம் மனம்போனபடி வாசித்து ஆடியோவாகப் பதிவுசெய்து, நன்றாக வந்த துண்டுகளை வெட்டி எடுத்து அடுக்குவதுதான் இந்தத் துறையின் வழக்கம், ரீசாம்பிளிங் என்பார்கள். 140 வேகத்தில் ஒரு பார், அதாவது நான்கு அடி, 1.7 நொடிதான். பத்து நிமிடத்தில் நல்ல பார் நான்கு தேறினால் பேஸ் முழுப் பலத்துடன் இறங்கும் டிராப்பின் முதல் பகுதிக்குப் போதும்.

கருவி வாங்கத் துடிப்பவர்கள் ஒரு மாதம் பொறுங்கள். கையிலுள்ள கீபோர்டின் மாட் சக்கரத்தை எல்எஃப்ஓ ஆழத்துடன் இணைத்து வாசியுங்கள். அதில் அலுப்பு வராமல் ஆசை வளர்ந்தால், கடைக்குப் போய் இரண்டு மூன்று வகைகளைத் தொட்டுப் பார்த்து, உங்கள் விரலுக்கு இணங்குவதை வாங்குங்கள்.