தனித்தனி எழுத்துருவும் பொதுக் குறியீடும்

தேக்காவின் சிராங்கூன் சாலையில் பூக்கடையும் மளிகைக் கடையும் நகைக் கடையும் அடுத்தடுத்து நிற்கின்றன. வாணிகத்தில் அவரவர் வழி வேறு. ஆயினும், தீபாவளிக்குச் சாலை முழுவதையும் ஒளிபெறச் செய்வது எந்தத் தனிக் கடையும் அன்று. ‘லிஷா’ எனப்படும் கடைக்காரர் சங்கம் முன்னின்று செய்யும் பொதுப்பணி அது. இணையத்தில் தமிழ் நிலைபெற்ற வரலாறும் இத்தகையதே. அவ்வரலாற்றின் முதன்மையான கட்டங்கள் சில சிங்கப்பூரில் நிகழ்ந்தன.

சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் தாங்கிய இணையத்தளம் ஒன்றை, 1995 அக்டோபரில் அந்நாளைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். அதன் தமிழ்ப் பகுதிக்கு உழைத்தவர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. இணையத்தில் முதலில் தோன்றிய தமிழ்ப் பக்கங்களுள் அவை வைத்து எண்ணப்படுகின்றன.

அக்காலத்தில் தமிழ்த்தளம் நடத்தியோர் பலரும் தனியாகவே உழைத்தனர். சிங்கப்பூரில் கோவிந்தசாமியின் ‘கணியன்’, மலேசியாவில் முத்து நெடுமாறனின் ‘முரசு அஞ்சல்’, சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரத்தின் ‘மயிலை’ என எழுத்துருக்கள் பலவாயின. முயற்சிகள் உயர்ந்தவையே; இடர் வேறிடத்தில் இருந்தது.

கணிப்பொறி எழுத்தை எண்ணாகவே அறியும். அன்றைய முறையில் இருந்த இடங்கள் 256. அவற்றில் முற்பாதி ஆங்கிலத்திற்குரியது; எஞ்சிய 128 இடங்களில் தமிழின் 247 எழுத்துகளும் அடங்கா. ஆகவே கொம்பையும் காலையும் தனியே பிரித்து வைத்தனர். எந்த எண்ணில் எதை வைப்பது என்பதை அவரவரே முடிவு செய்தனர். வருகைப் பதிவேட்டில் 5ஆம் எண் ஒரு பள்ளியில் ஒரு மாணவனையும் மற்றொரு பள்ளியில் வேறொருவனையும் குறிப்பது போன்றது இது. ஒரு தளத்தின் எழுத்துரு இல்லாதவர் அத்தளத்தைத் திறந்தால், பொருளற்ற குறிகளையே கண்டார். எழுதியவரும் தமிழர், படிக்க வந்தவரும் தமிழர். இடையில் மொழி மறைந்தது.

இதனைத் தீர்க்க 1997 மே மாதத்தில் சிங்கப்பூரில் ‘தமிழ்நெட் 97’ மாநாடு கூடியது. நாடுதோறும் இருந்த ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழி வாதிட்டு, ‘திஸ்கி’ என்னும் குறியீட்டை உருவாக்கினர். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதிப் பொதுவில் வைக்கலாயினர். 1999இல் சென்னை மாநாடு ‘தமிழ்99’ விசைப்பலகையைத் தந்தது. 2000 ஜூலையில் சிங்கப்பூரில் மீண்டும் கூடிய மாநாட்டில், ‘உத்தமம்’ என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது. அதைக் காணக் கோவிந்தசாமி இல்லை. 1999 மே மாதத்திலேயே அவர் மறைந்தார்.

உடன்பாடு எளிதில் வரவில்லை. பொதுக்குறியீட்டை ஏற்பதென்றால், தாம் அரிதின் வகுத்த முறையைத் தாமே விட வேண்டும். தமிழ்நாட்டு அரசு 1999இல் ஏற்ற ‘தாம்’, ‘தாப்’ முறைகளும் திஸ்கியும் சில காலம் அருகருகே வழங்கின. 1991 முதலே தமிழுக்கு இடமளித்திருந்த ஒருங்குறி, கணிப்பொறிகளில் பரவிய பின்னரே வேற்றுமை ஒழிந்தது.

இன்று மாணவன் ஒருவன் கைப்பேசியில் தட்டும் ‘அ’ எந்நாட்டிலும் ‘அ’வாகவே தெரிகிறது. பலர் தம்முடையதை விட்டுக்கொடுத்ததால் யாவர்க்கும் பொதுவாகிய எழுத்து அது.