பாலைவனத்தில் ஒரு ‘வாக்கிங்’!

“பாலைவனத்துல பார்க்க என்னய்யா இருக்கு... மணலும் ஒட்டகமும்தானே?” - லீவ் லெட்டரில் கையெழுத்துப் போட்டபடியே எங்கள் மேனேஜர் கேட்ட கேள்வி இது.

அவரைக் குறை சொல்ல முடியாது. ராஜஸ்தானின் ஜெய்சல்மேருக்குப் போகிற முக்கால்வாசிப் பேர், சாயங்காலம் ‘சாம்’ மணல்மேட்டில் ஒட்டகம் ஏறி, “ஐயோ, அம்மா” என்று அலறி, போட்டோ எடுத்துக்கொண்டு, மறுநாள் பத்து மணி வரை ரஜாய்க்குள் குறட்டை விடுகிறவர்கள்தான். பாலைவனத்தின் நிஜமான ‘ஷோ’ அதற்குள் முடிந்து, திரையே போட்டுவிடுவார்கள்!

தார் பாலைவனத்தின் இந்த மூலையில்தான் பாலைவன தேசியப் பூங்கா இருக்கிறது. பரப்பளவு 3,162 சதுர கிலோமீட்டர். அதன் ஓரத்தில், நாலே நாலு வீடு உள்ள ஒரு குக்கிராமத்தில் தங்கினேன். நடக்கப் போனது தன்னந்தனியாக. காரணம் எளிது. இரண்டு பேர் போனால் பேச்சு வரும். பேச்சு வந்தால் மான் வராது!

ஜனவரி மாதம். அங்கே அப்போது சூரியன் எழுவதே ஏழரை மணிக்குத்தான். ஆறேமுக்காலுக்கு நான் ஷூ மாட்டுவதைப் பார்த்து வீட்டுக்காரப் பெரியவருக்குத் திகைப்பு.

“அகேலா?” (தனியாவா?)

“ஆமா, காகா.”

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியைக் காட்டி, “பேட்டா, அது கண்ணுக்குத் தெரியற வரைக்கும் போ. மறைஞ்சா நின்னுடு” என்றார். பத்து வழிகாட்டிப் புத்தகங்களுக்குச் சமமான ஒற்றை வாக்கியம்!

மேற்கே நடந்தேன். முதுகுப் பக்கம் சூரியன் வந்தால், எதிரே இருக்கிற மிருகத்தின் மேல் வெளிச்சம் விழும். நம் கண்ணும் கூசாது. குளிர் என்றால் அப்படியொரு குளிர்... மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

காலை மணல் என்பது அன்றைய நியூஸ் பேப்பர். ராத்திரி யார் வந்தார்கள், யார் போனார்கள், யாரை யார் துரத்தினார்கள்... எல்லாம் அச்சாகியிருக்கும். தையல் மெஷின் ஓட்டின மாதிரி வண்டுகளின் தடம். அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போன நரித் தடம். வெயில் ஏறிக் காற்று கிளம்பினால் அத்தனையும் அழிந்துவிடும்.

அந்த நரியையே பத்து நிமிஷத்தில் பார்த்தேன். ஒரு புல் புதருக்கு அருகே நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தது. அங்கே இரண்டு வகை நரிகள் உண்டு. வால் நுனி வெள்ளையா இருந்தால் பாலைவன நரி. கறுப்பாக இருந்தால் நம் ஊர்ப் பக்கமும் இருக்கிற குள்ளநரி ரகம். இது வெள்ளை. ‘இவன் சாப்பாட்டுக்கு உதவமாட்டான்’ என்று முடிவு செய்துவிட்டு, அலட்சியமாக நடையைக் கட்டியது.

வெளிச்சம் வந்ததும் எருக்கஞ்செடிகள் தெரிந்தன. ஆமாம், நம் ஊர் எருக்கேதான்! அப்பால் ஒரு மரம். அங்கே ‘கேஜ்ரி’ என்கிறார்கள். நம் கோயில்களில் இருக்கும் வன்னி மரமும் அதுவேதான். 1730-ல் ஜோத்பூர் அருகே இந்த மரத்தை வெட்ட ராஜாவின் ஆட்கள் வந்தபோது, அம்ரிதா தேவி என்ற பிஷ்னோய் பெண் கட்டிப்பிடித்துத் தடுத்து உயிரை விட்டார். அவரைத் தொடர்ந்து இறந்தவர்களையும் சேர்த்து 363 பேர் என்கிறது வரலாறு.

அந்த மரத்தடியில்தான் சிங்காரா மான்கள். மூன்று. வெள்ளாட்டு சைஸ்; மணல் கலர். தண்ணீரே குடிக்காமல் இலை தழையிலும் பனித்துளியிலும் உள்ள ஈரத்தை வைத்தே நாட்களை ஓட்டிவிடும். ஒன்று என்னைப் பார்த்துவிட்டுத் தும்முவது போல ஒரு சத்தம் போட்டது. அது எச்சரிக்கை மணி. மூன்றும் பாய்ந்தன, கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பிப் பார்த்தன. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த மனிதன் பயமுறுத்துவதில்லை போலும். மறுபடி மேய ஆரம்பித்துவிட்டன.

வழியெல்லாம் சின்னச் சின்ன வளைகள். முள்வால் ஓணானின் வீடுகளாம். குளிர்காலத்தில் வாசலை மண்ணால் அடைத்துவிட்டு, வாலில் சேர்த்த கொழுப்பை வைத்தே தூங்குமாம். மெடிக்கல் சர்ட்டிபிகேட் இல்லாமலேயே மாதக்கணக்கில் லீவ்!

எட்டரை மணிக்கு, பாதுகாக்கப்பட்ட புல்வெளியின் வேலிக்கு வெளியே நின்று பைனாகுலரை வைத்தேன். தேடியது ஒரே ஒரு பறவையை... கானமயில்!

மயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு மீட்டர் உயரம், தலையில் கறுப்புத் தொப்பி, வெள்ளைக் கழுத்து. ஆண் பதினைந்து கிலோ வரைகூட இருக்கும். தேசியப் பறவையாக இதைத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும் என்றார் பறவை அறிஞர் சாலிம் அலி. 1963-ல் மயில் ஜெயித்தது. இதன் ஆங்கிலப் பெயரான ‘பஸ்டர்ட்’டில் ஒரு எழுத்து பிசகினால் கெட்ட வார்த்தையாகிவிடும் என்ற பயமும் ஒரு காரணம் என்பார்கள்! ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் இருந்த பறவை. இன்று காட்டில் மிஞ்சியிருப்பவை சுமார் நூற்றைம்பதுக்கும் குறைவு.

அரைமணி நேரம் கழித்து, புல்லுக்கு மேலே ஒரு வெள்ளைக் கழுத்து நீண்டது. நாலடி நடந்தது; நின்றது; குனிந்து எதையோ கொத்தியது. ஒரு பெரிய மனுஷர் தோட்டத்தில் உலாவுகிற தோரணை. எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

திடீரென்று இறக்கையை விரித்து எழும்பியது. பாரமான, நிதானமான பறத்தல். அது போகிற திசையில் தூரத்தே மின்கம்பிகள்!

இந்தப் பறவைக்குப் பக்கவாட்டில் பார்வை அதிகம். நேர் எதிரே குறைவு. கம்பி தெரிவதற்குள் கிட்டே வந்துவிடும். கனத்த உடம்பைச் சட்டென்று திருப்பவும் முடியாது. கானமயில்களின் சாவுக்கு மின்கம்பிகள் பெரிய காரணம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். வருஷத்துக்குப் பெரும்பாலும் ஒரே முட்டை இடுகிற பறவைக்கு, ஒரு சாவுகூட பெரிய நஷ்டம்.

பைனாகுலரைக் கீழே இறக்க மனசில்லை, பார்க்கவும் தைரியமில்லை. பறவை கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி... ஏறி... கம்பிக்கு மேலாகப் போய்விட்டது. அன்றைக்குத் தப்பியது.

கம்பிகளைப் பூமிக்கடியில் புதைக்கச் சொல்லி 2021-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அத்தனை தூரத்துக்கும் அது சாத்தியமில்லை என்ற வாதத்தைக் கேட்டு, 2024 மார்ச்சில் அதை மாற்றி நிபுணர் குழு அமைத்தது. சூரிய மின்சாரமும் நாட்டுக்கு வேண்டியதுதான். நம் வீட்டு ஃபேன் சுற்றுவதற்கும் இந்தப் பறவைக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. நம்பிக்கை தருகிற சேதியும் உண்டு. சாமில் உள்ள இனப்பெருக்க மையத்தில் குஞ்சுகள் வளர்கின்றன. 2024-ல் செயற்கைக் கருத்தரிப்பு மூலமாகவே ஒரு குஞ்சு பொரிந்தது.

போகிறவர்களுக்கு நாலு வார்த்தை: நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல சீஸன். ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேருக்கு ஐந்தாறு மணி நேர ரயில் பயணம். பூங்காவுக்குள் போக வனத்துறை அனுமதி அவசியம். எல்லைப் பகுதி என்பதால் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, விசில் கட்டாயம். செல்போன் டவரை நம்பவேண்டாம். எந்தப் பக்கம் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். பறவையைக் கண்டால் போட்டோவுக்காகத் துரத்தாதீர்கள். அது பறந்தால், எதிரே கம்பி இருக்கலாம்!