புலியின் எடை என்ன?

நம் நாட்டுச் சின்னத்தில் கேடயத்தின் இருபுறமும் நிற்பவை புலிகள். "அதன் எடை எத்தனை கிலோ?" என்று மகன் கேட்டான். தேடிப் படித்தேன், ஒரே பதில் கிடைக்கவில்லை.

திரங்கானுவில் பதிவான 21 ஆண் புலிகளின் எடை 47 முதல் 129 கிலோ வரை. 16 பெண் புலிகளின் எடை 24 முதல் 88 கிலோ வரை. 24 கிலோ என்றால் அது வளர்ந்த புலியாக இருக்க முடியாது. இளம் புலிகளையும் சேர்த்து வகுத்தால் சராசரி இறங்கிவிடும்.

வயிறும் கணக்கை மாற்றும். ஒரே வேளையில் 20 கிலோவுக்கு மேல் இறைச்சி தின்னக்கூடிய விலங்கு அது. பசித்த புலியும் உண்ட புலியும் தராசில் ஒன்றல்ல.

நீளமும் அப்படித்தான். மூக்கு நுனியிலும் வால் நுனியிலும் முளை அடித்து நேராக அளந்தால் ஓர் அளவு. முதுகின் வளைவோடு டேப்பை ஓட்டினால் சில அங்குலம் கூடும்.

சைபீரியப் புலி 300 கிலோ என்பார்கள். ரஷ்யாவின் தூரக் கிழக்குக் காடுகளில் ஆய்வாளர்கள் பிடித்து எடை பார்த்த வளர்ந்த ஆண் புலிகளின் சராசரியோ சுமார் 176 கிலோதான்.

நம் காடுகளில் எஞ்சியிருப்பவை 150-க்கும் குறைவு என்கிறது 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு. எடை வெறும் எண் அல்ல. புலிகள் மெலிந்தால், காட்டில் மானும் பன்றியும் குறைகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதனால் மகனிடம் சொன்னேன்: "எத்தனை கிலோ என்று கேட்கும்போது, எந்த வயதுப் புலி, எத்தனை புலிகள், எப்படி அளந்தார்கள் என்றும் கேள்."